ஏப்ரல் வரை

மூன்றாம் மாடி, பதினொன்றாம் எண்.
வாடகைக்காரன் சொல்லாமல் போய்விட்டான்.
பூட்டை மாற்றுவது என் வேலை.
வெளியே குவோப்பியோ நகரம்
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறில் விறைத்துக் கிடந்தது.
உள்ளே ஒரு சோபா,
பிரிக்காத கடன் கடிதங்கள்,
ஒரு கூண்டில் மூன்று எலிகள்.

தண்ணீர்ப் புட்டி வறண்டிருந்தது.
அதன் இரும்பு முனையை
ஒன்று விடாமல் நக்கிக்கொண்டிருந்தது,
வராத சம்பளத்துக்குத் தினமும்
வங்கிக்குப் போகிறவன் மாதிரி.

அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.
"எலிதானே? மருந்து வைத்துவிடு, ஐமோ."
விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்திருக்கிறோம்.
எத்தனை முறை வைத்தவன் நான்,
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

கோட்டின் உள்பையில் மூன்றையும் இட்டுப் படியிறங்கினேன்.
முப்பது வருடம்
சிமெண்டில் கண்ணாடித் தூள் கலந்து
பொந்து அடைத்த கை இது.
ஒன்று அதை விரல் விரலாக முகர்ந்தது.
பிறகு நகத்தடி அழுக்கை
எடுக்கத் தொடங்கிவிட்டது.

முத்தேரி, ரூவி, பிரிக்கா.
நட்டு, திருகாணி, வாஷர்.
கருவிப்பெட்டியில் இருந்த பெயர்கள்தான்
என்னிடம் இருந்தன.

பல்லை நறநறவென்று கடித்தால்
கோபம் என்று நினைத்திருந்தேன்.
முத்தேரிக்கு அது ஆனந்தம்.
கடிக்கக் கடிக்கக் கண்கள் இரண்டும்
வெளியே வந்து உள்ளே போய்த் துடிக்கும்.
என் ரசீதுகளை எல்லாம் திருடி
சோபாவின் வயிற்றுக்குள் சேர்த்து வைத்தான்.
வரிக் கணக்கை அங்கே படுத்துத் தேடி எழுதினேன்.
('அது' எப்போது 'அவன்' ஆனது?
குறித்து வைக்கவில்லை.)

ரூவியின் மூக்கோரம் சிவந்த இரவு
ரத்தம் என்று பதறி டாக்டர் ஹெல்லாவை எழுப்பினேன்.
"ரத்தமில்லை. அதன் கண்ணீரே அந்த நிறம்தான்.
மூச்சைக் கவனி" என்றார்.
கவனித்தேன். வெந்நீர் ஆவி,
அரைத் துளி மருந்து, நிஜ மருந்து,
மூன்று மணிக்கு ஒரு தரம்.
செப்டம்பரில் போனான்.
மண் அப்போது இளகித்தான் இருந்தது.

முத்தேரிக்குக் கை மறந்தது.
பட்டாணியை ஏந்தும், நழுவும்,
ஏந்தும், நழுவும்,
என்னைப் பார்க்கும்.
ஐந்து வாரம் ஓட்ஸ் கஞ்சி, கரண்டியில்.
ஆறாவது வாரம்
கரண்டியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்கள் வாசனை ஏதாவது கூட இருக்கட்டும்" என்றார் ஹெல்லா.
சட்டைக் கையைத் தோளோடு கிழித்துக் கொடுத்தேன்.
ஒற்றைக் கைச் சட்டையோடு,
மேலே கோட்டோடு,
பேருந்தில் வீடு வந்தேன்.
யாருக்கும் தெரியாது.

பிரிக்காவிடம் காட்டினேன்.
முகர்ந்தான். காதை ஒருமுறை நக்கி ஒழுங்கு செய்தான்.
பிறகு அருகில் கிடந்த ஓட்ஸ் துணுக்கை எடுத்துக்கொண்டு
மூலைக்குப் போய்விட்டான்.
அழுகை என்று எனக்குத் தெரிந்தது எதுவும்
அதில் இல்லை.
ஆனால் அன்றிரவு அந்தத் துணுக்கைத் தின்னவில்லை.

ஜனவரி. மண்வெட்டி பட்டால்
நிலம் மணி மாதிரி ஒலிக்கிறது.
காப்பி டப்பாவில் வைத்து
உறைபெட்டிக்குள், பட்டாணிப் பைக்கும்
புளூபெர்ரிக்கும் நடுவில்.
பட்டாணி எடுக்கும்போதெல்லாம்
"கொஞ்சம் தள்ளு" என்பேன்.

தனி வளை வேண்டும் என்று
எலியின் பெயரால் சொன்னவர்
எலியைக் கேட்டிருக்க மாட்டார்.
பிரிக்கா ஊஞ்சல் துணியில் ஓரமாகவே படுக்கிறான்,
இன்னும் ஒருவருக்கு இடம் விட்டு.
பேருந்து நிறுத்தத்தில், பழப்பெட்டியில்,
இரண்டு கிடந்ததாக நேற்று ஒரு பெண் அழைத்தாள்.
வருகிறேன் என்றேன்.

ஏப்ரலில் தோண்டுவேன்.
இந்தக் கட்டடத்தைச் சுற்றி
எந்த இடத்தில் குழாய் ஓடவில்லை,
எந்த இடத்தை யாரும் எப்போதும் கிளற மாட்டார்கள்
என்பது எனக்குத் தெரியும்.

பாதாள அறையில், கொதிகலனுக்குப் பின்னால்,
ஒரு பொந்து இருக்கிறது.
வேலை அறிக்கையில் எழுதிவிட்டேன்:
அடைத்தாயிற்று.