கணக்கொன்றுக்குப் பத்து சென்ட்

அக்டோபரில் விலை பேசி முடித்தோம்,
நானும் குந்தேகாவும்.
கணக்கொன்றுக்குப் பத்து சென்ட்.
பிழையிருந்தால் பாதி.

நான்காம் வகுப்பு. கையில் பேனா,
கண்ணில் கல்லாப்பெட்டி.
ஒரே வாரத்தில்
கடினமானதைக் கடைசிக்குத் தள்ளி
சுலபத்தை மட்டும் சுளைசுளையாக உரிக்கக் கற்றுக்கொண்டாள்.
அடுத்த வாரம் கேட்டாள்:
"படிச்சா பக்கத்துக்கு எவ்வளவு?"
அதற்கும் அடுத்த வாரம்:
"பல் தேய்ச்சா?"

நவம்பரில் மின்கட்டணம் வந்தது.
என் கல்லா மூடியது.
அவள் நோட்டும் மூடியது.
கோபம்கூட இல்லை;
சம்பளம் நின்ற இடத்தில்
யார் வேலை செய்வார்கள் என்பதுபோல்
என்னைப் போலவே தோளைக் குலுக்கினாள்.

ஆசிரியை ஸ்கைத்ரீதே எழுதியனுப்பினார்:
"வீட்டுப்பாடம் இல்லை. மீண்டும் இல்லை."
டிராமின் ஓட்டுநர் இருக்கையில்
ஏழு முறை படித்தேன்.
தௌகவா பாலத்தின் மேல்
ரீகாவின் பனி
படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

வீட்டில் ஹீட்டர் பழுதான அன்று
பள்ளி விட்டதும் என் வண்டிக்கே வந்துவிட்டாள்.
என் முதுகுக்குப் பின்னால் முதல் இருக்கை.
மூன்று சுற்று சும்மா வந்தாள்,
கண்ணாடி ஆவியில் பூனை வரைந்தபடி.
நான்காவதில்:
"எதிர்ல வர்ற ஔஸ்த்ராவோட வண்டியை
ஒவ்வொரு தடவையும் ஏம்மா வேற வேற இடத்துல பாக்குறோம்?"

பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.
எதிரே வந்தால் கையசைப்பேன்,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பூனையை உள்ளங்கையால் அழித்தாள்.
பையிலிருந்து நோட்டு வந்தது,
நான் பார்த்து ஒரு மாதமான நோட்டு.
நிறுத்தங்களை எண்ணினாள். நிமிடங்களை எழுதினாள்.
மருத்துவமனை நிறுத்தத்தில்
கைத்தடியோடு ஏறியவருக்கான நாற்பது விநாடியையும் விடவில்லை.
மீதி வந்தபோது
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.
எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை.

"அடுத்த சுத்துல.
சந்தைக்கும் பாலத்துக்கும் நடுவுல."

சந்தை வந்தது. எழுந்து நின்றாள்.
பாலம் வந்தது. ஔஸ்த்ரா வரவில்லை.
பாலம் தாண்டி ஒரு நிறுத்தம் தள்ளித்தான்
அந்த மஞ்சள் விளக்கு.

தப்பு.
பழைய விலைக்கு ஐந்து சென்ட்.
நான் திரும்பிப் பார்ப்பதற்குள்
அவள் குனிந்துவிட்டாள்:
"பனியை மறந்துட்டேன், பனியை மறந்துட்டேன்."

டிசம்பரில் கணக்கில் பத்துக்கு ஆறு.
வீட்டுப்பாடம் வாரத்தில் மூன்று நாள்,
சில வாரம் இரண்டு.
அதிசயம் எதுவுமில்லை.
மேசை விளக்கடியில் அவள் தானாக உட்கார்ந்திருக்கும் இரவுகளில்
என் கை பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குள் போகிறது.
சில்லறை குலுங்கிவிடக் கூடாதென்று
அங்கேயே
இறுக மூடி வைத்திருக்கிறேன்.