பாலம் போடும் தாங்கி

பகலில் பற்களுக்குப் பாலம் கட்டுகிறேன்.
விழுந்த பல்லின் இரண்டு பக்கமும்
தாங்கு பற்களைச் சீவி அச்செடுத்து அனுப்புவார் வைத்தியர்.
நடுவில் ஒரு பொய்யை நிறுத்துவது என் வேலை.
பொய்தான், ஆனால் அப்பிள் கடிக்கும்.

ஊரின் பெயர் தூன்.
என் வாயில் அது தூண் என்றே வரும்.
இருபத்திரண்டு வருடமாக
ஒருவரும் திருத்தவில்லை.

இரவில் சாப்பாட்டு மேசையில்
அதே மெழுகுக் கத்தி, அதே இடுக்கி,
நெற்றியில் அதே உருப்பெருக்கி.
முப்பத்தைந்தில் ஒன்று என்பது அளவு.
எதையும் முப்பத்தைந்தால் வகுக்கும் பழக்கம் வந்துவிட்டது:
என் உயரம் நாலரை சென்ரிமீற்றர்,
வீட்டு வாடகை ஐம்பது பிராங்,
மாமியின் தொலைபேசி மட்டும்
வகுத்தாலும் மீதி வரும்.

பெட்டியில் வந்தது வண்டியின் உடல்தான்.
பாலம் நான் வெட்டியது.
பதினெட்டு மீற்றர் பாலம்
பிளாஸ்ரிக் தகட்டில் ஐம்பத்தொரு சென்ரிமீற்றர் ஆனது.
கடுகின் காற்பங்கில் தறையாணிகள்,
மூச்சை அடக்கி ஒவ்வொன்றாக.
தும்மினால் ஒரு வரிசை போய்விடும்.
(போனது. இரண்டு தரம்.)

சங்கிலி தொய்ய வேண்டும்,
கொடியில் ஈரத்துணி தொய்வதுபோல,
மேல் உருளைகளுக்கு நடுவில்.
விறைத்து நிற்கிற சங்கிலி
ஓர் அடியும் நகராத சங்கிலி.

அல்மெண்ட் அருகே சில நாள் பஸ் நிற்கும்.
மெய்யான தாங்கிகள் தெருவைக் கடக்கும்.
எல்லோரும் கைத்தொலைபேசியைப் பார்க்க
நான் சேற்றைப் பார்ப்பேன்:
ஈரமானது கோப்பி, காய்ந்தது கோதுமை மா,
இடுக்கில் சிக்கிய புல் மட்டும் பச்சை.
மேலே நின்ற பெடியன் கையசைத்தான்.
தம்பி, உன்னையல்ல,
உன் மண்காப்பைத்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமைச் சங்கத்தில் கேட்பார்கள்:
அந்த நாட்டிலிருந்து வந்த நீங்கள், ஏன் தாங்கி?
தறையாணி பிடிக்கும் என்பேன்.
அதுவும் அப்பிள் கடிக்கிற பொய்தான்.

றெற்றோ ட்சூர்பூகன் கேட்கமாட்டான்.
தபால் பஸ் ஓட்டி ஓய்ந்தவன்.
வருடத்தில் மூன்று கிழமை
இதே பாலத் தாங்கியை ஓட்டியவன்.
பாற்கட்டியை எந்த மூலையில் ஒளித்தார்கள்,
எந்த மூடி மழைக்கு ஒழுகியது,
எல்லாம் சொன்னான். பிறகு சொன்னான்:
கிடங்கை நாங்களே வெட்டுவோம்.
பாலத்தைப் போடுவோம். கடப்போம்.
திரும்பிக் கடப்போம். பாலத்தைத் தூக்குவோம்.
கிடங்கை மூடிவிட்டு
சூப் குடிக்கப் போவோம்.

அன்று பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும்
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
கடைசித் தரிப்பில் அது
சிரிப்பாக இல்லை.

குகதீபன் வெதுப்பகத்தில் இரவு வேலை.
ஐந்து மணிக்கு வருவான், தலைமயிரில் மாவோடு.
நிறம் காயட்டும் என்று நான் மேசையில் விட்ட நாட்களில்
குழாயடியில் நின்றபடியே சாப்பிடுவான்.
ஒன்றும் சொல்லமாட்டான்.
நானும் எடுத்து வைக்கவில்லை.
மிதுஷா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு
காதில் பாட்டைச் செருகிக்கொண்டு பள்ளிக்குப் போவாள்.

ஒரு சனி விடிய
கதிரை இழுபடும் சத்தம் கேட்டு எழும்பினேன்.
அவன் இருந்தான். மேசையில்.
என் உருப்பெருக்கி அவன் நெற்றியில், தலைகீழாக.

"இதுக்குப் பீரங்கி இல்லையோ?"
"இல்லை. பாலம் மட்டும்."
"பிறகு ஏன் தாங்கி எண்டு பேர்?"
"தாங்குதுதானே."

ஓரத்தால் விரலை ஓட்டினான், தொடாமல்.
உதடு அசைந்தது. எண்ணுகிறான்.
அந்தப் பக்கம் போனான், மறுபடி எண்ணினான்.
"இடப்பக்கம் ஒண்டு குறையுது."

இருக்காது என்றேன்.
மூன்று மாத வேலை.
தேத்தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு
வந்து எண்ணிப் பார்த்தேன்.

குறையத்தான் செய்தது.