ஞாயிறு கணக்கில் இல்லை

சாம்பல் புதன் காலை
நெற்றிச் சாம்பல் உதிருமுன்பே
நைனா கடைவாசலில் நின்று அறிவித்தேன்:
நாற்பது நாளைக்கு டீ கிடையாது.
கேட்காதவர்களுக்காக
இன்னொரு தடவையும் சொன்னேன்.

இறைச்சியை விடலாம்தான்.
தங்கச்சிமடத்தில் அது ஒரு தவமா?
வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று
நண்டையும் கணவாயையும் வெளுத்துக்கட்டுகிற ஊர்.
மீனை விட்டாலோ
வலைக்கு யார் பதில் சொல்வது?
பீடியைப் போன வருஷமே விட்டாயிற்று.
அதற்கு முந்தின வருஷமும் விட்டேன்.
யோசித்து யோசித்துத்தான் டீயைப் பிடித்தேன்,
விடுவதற்கு.

மறுநாள் நைனாவுக்குத் தலைநோன்பு.
கடைக்குப் படுதாவை இறக்கிவிட்டு
உலர்ந்த உதட்டோடு
ஊருக்கெல்லாம் ஆற்றிக் கொடுக்கிறான்.
"எனக்கு முப்பது, உனக்கு நாப்பது.
நீதான் பெரிய ஆளு.
தண்ணி குடிப்பியா?"
"குடிப்பேன்."
"ம்."
அந்த ஒரு "ம்"
இன்னும் செரிக்கவில்லை எனக்கு.

உபதேசியார் யோபுதான் வழி காட்டினார்.
விரல் விட்டு எண்ணினால்
நாற்பத்தாறு வருகிறதாம்.
ஞாயிறு கணக்கில் இல்லையாம்.
சனிக்கிழமை ராத்திரி
பன்னிரண்டுக்கு அலாரம் வைத்தேன்.
அந்த ஞாயிறு ஒன்பது டீ.

திங்கள் கடலில்
அடைக்கலத்தின் கிளாசில் பன்னை முக்கினேன்.
தின்பது எப்படிக் குடிப்பதாகும்?
இரண்டாம் முறை முக்கப் போனபோது
கிளாசைத் தூக்கிக்கொண்டு
அணியத்துக்குப் போய்விட்டான்.

மூன்றாம் வாரம்
கொண்டல் காற்றைத் திட்டினேன்.
ஐஸ் பெட்டியை உதைத்தேன், நொண்டினேன்.
மகள் ஜெசிந்தாவின் கணக்கு நோட்டில்
சரியான விடையைச் சிவப்பால் அடித்தேன்.
சிலுவைப்பாதையில்,
ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற தலத்தில்,
மண்டியிட்டிருக்கும்போது
இஞ்சி தட்டிப் போட்ட வாசனை வந்தது.
தூபம் என்றாள் பிரகாசி.
எனக்கு இஞ்சிதான்.

பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது.
நைனா ஒரு சட்டி பிரியாணி அனுப்பியிருந்தான்.
மூடியின் மேல் அம்மிக்குழவியை வைத்து
குடும்பமாக அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்
நடுச்சாமம் வரைக்கும்.
இவ்வளவு ஒற்றுமையாக
நாங்கள் ஜெபமாலைகூடச் சொன்னதில்லை.

மறுநாள் பிரகாசி பங்குச்சாமியாரிடம் போனாள்.
"சாமி, தவம் அவரு இருக்காரு,
பாடு நாங்க படுறோம்.
அவரு டீயைத் திருப்பிக் குடுத்துருங்க."
சாமியார் சிரித்து முடிக்க நேரமானது.
பிறகு எனக்குச் சொல்லியனுப்பினார்:
டீயைக் குடி.
டீயை விட்ட கதையைச் சொல்வதை விடு.

கேட்கத்தான் சுலபம்.
அன்றைக்கே பாம்பன் பாலத்துப் பஸ்ஸில்
பக்கத்துச் சீட்டுக்காரர்
"டீ சாப்பிடலாமா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.
கீழே அத்தனை கடல்,
வாய் முட்ட என் கதை.
பல்லைக் கடித்துக்கொண்டு
"சாப்பிடலாம்" என்றேன்.
பாடுகளின் ஆழம்
அப்போதுதான் லேசாகப் புரிந்தது.

இதுவாவது பரவாயில்லை.
ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாள்
அரசாங்கத்து நோன்பு ஆரம்பம்:
விசைப்படகுக்கு அறுபத்தோரு நாள் தடை.
அதற்கு யாரும் நெற்றியில் சாம்பல் இடுவதில்லை.
எதை விடுகிறாய் என்று கேட்பதுமில்லை.
அதில் ஞாயிறும் சேர்த்தி.

சரி,
டீயை விட்ட கதையை
இப்போது நான் யாரிடமும் சொல்வதே இல்லை.
அப்படியானால் இது என்ன என்று
நீங்கள் கேட்கலாம்.

இன்றைக்கு
என்ன கிழமை என்று பாருங்கள்.