நாம் என்பதா, நாங்கள் என்பதா

அழைப்பு வந்தபோது
ஆரஞ்சில் பாதித் தோல்தான் உரிந்திருந்தது.
வெளியே வினிப்பெக், மைனஸ் இருபத்தேழு.
பெயர் சொல்லக் கூடாது, விதி அது.
எண்ணைச் சொன்னேன்: நாலாயிரத்துப் பதினேழு.
அதன்பிறகு நான் என்றால் நான் அல்ல.

நான் பத்து வாரம்.
எனக்கு முப்பத்தெட்டு வயது.
முதல் பிள்ளைக்கு இதெல்லாம் ஒருத்தரும் கேட்கவில்லை.

டாக்டர் நிதானமாகப் பேசினார்.
ஒரு குழாய் இரத்தம். கையிலிருந்துதான், வயிற்றிலிருந்து அல்ல.
முடிவு சொல்லும் சோதனை இல்லை இது,
சந்தேகம் சொல்லும் சோதனை.
நூற்றைம்பதில் ஒன்று.
இந்த இடத்தில் எனக்கு அரை நொடி.
ஆபத்து என்றால் பிள்ளை இப்போதே குற்றவாளி.
வாய்ப்பு என்றால் லொத்தர் விழுந்த மாதிரி.
"உங்களைப் போல நூற்றைம்பது பேர் இருந்தால்
அதில் ஒருவருக்கு" என்றேன்.
நீளம்தான். டாக்டர் காத்திருந்தார்.

பிறகு அவர் கேட்டார், நாம் என்ன செய்யலாம் என்று.
ஆங்கிலத்தில் அது ஒரே சொல்,
கதவு திறந்ததா பூட்டியதா தெரியாது.
தமிழில் நான்தான் அவளை
உள்ளே விடவேண்டும், அல்லது வெளியே நிறுத்தவேண்டும்.
நாங்கள் என்றால் ஆஸ்பத்திரி மட்டும்.
நாம் என்றேன்.

மறுமுனையில் தண்ணீர் குடிக்கும் சத்தம்.
"எனக்குத் தெரிய வேணும்.
கலைக்கிறதுக்கு இல்லை.
வைச்சிருப்பன் எண்டும் இப்ப சொல்லமாட்டன்.
தெரிய வேணும், அவ்வளவுதான்.
நாங்கள் மூண்டாம் மாடி, லிப்ட் இல்லை.
ஆணா பெண்ணா எண்டு மட்டும் சொல்ல வேண்டாம்.
அவருக்கு நான் சொல்லுவன்,
வீட்டுக்கு போன் எடுக்காதேங்கோ."

வரிவரியாக ஆங்கிலத்தில் வைத்தேன்.
கலைகிற சொல்லுக்குள் மேகமும் கூந்தலும் இருந்தன.
அவை அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

"அக்கா, நீங்களெண்டா என்ன செய்வியள்?"

அதையும் மொழிபெயர்க்கத்தான் வேண்டும்.
ஆங்கிலத்தில் அக்கா இல்லை,
ஆகவே கேள்வி டாக்டரிடம் போய் நின்றது.
இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லையே என்று சிரித்தார்,
பிறகு சிரிக்கவில்லை.
எனக்கு வந்த கேள்விக்கு அவர் பதில் தேடிக்கொண்டிருக்க,
இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு படிவத்தில்
'வேண்டாம்' என்ற கட்டத்தில் நான் சரி போட்ட
பேனாவின் நிறம் நினைவுக்கு வந்தது.
பச்சை. வரவேற்பு மேசையில் வேறு பேனா இல்லை.

பதினெட்டு நிமிடம், நாற்பது நொடி
என்று பதிந்துகொண்டது திரை.
ஆரஞ்சுச் சுளைகள் காய்ந்திருந்தன. தின்றேன்.
முடிவு பத்து நாளில் வரும்.
அன்றைக்கு வேறு யாராவது
அவளுடைய நானாக இருப்பார்கள்.