மணிலாவுக்கு விடுமுறை

கெரிஞ்சியில் பத்தொன்பதாம் மாடியில் உட்கார்ந்து
மணிலாக்காரர்களுக்குச் சம்பளம் போடுகிறேன்.
அவர்களுடைய திருநாளெல்லாம் எனக்கு மனப்பாடம்.
பெரிய வியாழன், முழு விடுமுறை.
பெரிய வெள்ளி, முழு விடுமுறை;
வேலைக்கு வந்தவருக்கு இரட்டைச் சம்பளம்.
மறுநாள் சனிக்கும் ஒரு கட்டம் உண்டு.
கல்லறையில் கிடப்பவருக்காக
ஒரு தேசமே கடையை இழுத்து மூடிவிட்டுச்
சும்மா இருக்கும் நாள்.
அதற்கு முப்பது விழுக்காடு கூடுதல்.
அந்தச் சூத்திரத்தை எழுதியவள் நான்.

எங்கள் நாட்காட்டியில் வெள்ளி, வெறும் வெள்ளி.
சபாவில் லீவு. சரவாக்கில் லீவு.
கடலுக்கு இந்தப் பக்கம் ஆண்டவர்
வேலை நாளில்தான் சாகிறார்.

லீவு கேட்கத்தான் செய்தேன்.
ஹஃபிசுதீன் நல்ல மனிதர்,
திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து,
மறுபடி திரையைப் பார்த்தார்.
கணக்கு மூடும் வாரம்.
அவர்களுக்கு லீவு என்பதால்தான்
எனக்கு லீவு இல்லை.

பன்னிரண்டரைக்கு அவர் ஜுமாவுக்குப் போனார்.
தளம் பாதி காலி.
பூன் ஹுவேக்குப் பிறந்தநாள்,
வாளி நிறைய வறுத்த கோழி வந்தது.
'சாப்பிட மாட்டியா? தைப்பூசம் முடிஞ்சிருச்சே!'
'இது வேற,' என்றேன்.
'வேறன்னா?'
வேறென்ன சொல்ல.
தண்ணீர் குடித்தேன்.
கோழி வாசம் விசைப்பலகை வரைக்கும் வந்து உட்கார்ந்தது.

பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.
அப்பா எனக்கு வைத்தது அமலோற்பவம்.
பாவம் தீண்டாமல் உற்பவித்தவளின் திருநாளில் பிறந்தேனாம்.
காஜாங்கில் யாரோ ஒரு குமாஸ்தா
மூச்சு வாங்கிய இடத்தில் வெட்டிவிட்டார்.
அமலோர் ஒரு சொல், பாவம் ஒரு சொல்.
அலுவலக அட்டையில் இடம் போதாமல்
பின்பாதி மட்டும், கொட்டை எழுத்தில்.
'பாவம், அந்த ஃபைல் என்னாச்சு?'
பொருள் தெரியாமல் நாற்பது பேர் கூப்பிடுகிறார்கள்.
டிசம்பர் எட்டு, மணிலாவில் அதற்கும் விடுமுறை.
என் பெயருக்கு ஒரு நாடே வீட்டில் இருக்க,
நான் வந்து பார்ப்பேன்
சூத்திரம் சரியாக ஓடுகிறதா என்று.

இரண்டே முக்காலுக்கு ரோவெனா எழுதினாள்,
அந்தப் பக்கத்தில் இன்று வேலையிலிருக்கும் ஒருத்தி:
'நீ எங்கள் ஆள்தானே, ஏன் அங்கே இருக்கிறாய்?'
'நீ மட்டும்?' என்றேன்.
'இரட்டைச் சம்பளம். தம்பிக்குப் படிப்பு.'
சிரிப்புப் பொம்மை ஒன்று அனுப்பினாள்,
பிறகு ஒரு சிலுவை.

மணிலாவுக்கும் கோலாலம்பூருக்கும் ஒரே நேரம்.
ஒரே மூன்று மணி.
அங்கே எல்லாம் நின்றிருக்கும்.
இங்கே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது,
ஆனால் வரிசையில் ஒரு புகார் இல்லை, ஒரு கேள்வி இல்லை,
பூஜ்யம் என்று காட்டிய திரையைப் பார்த்துக்கொண்டே
தலையைக் கொஞ்சம் குனிந்தேன்.
தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

எட்டு மணிக்கு, மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறி,
புடு அந்தோணியார் கோயில்.
கார் நிறுத்தும் இடம்வரை சனம்.
எல்லோரும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள்:
பார்சல் சட்டையோடு ஒருவன்,
காலணி மாற்றாத ஒரு நர்ஸ்,
இரவுக் காவலுக்குப் போகும் அவசரத்தில் ஒருவர்
வரிசையை எட்டி எட்டிப் பார்த்தபடி.
மணி ஒலிக்காத இரவு.
மரத்தட்டை மட்டும் டக், டக்.

என் முறை வந்தது.
முத்தமிடக் குனிந்தேன்.
கழற்ற மறந்த அட்டை கழுத்திலிருந்து நழுவி
என் உதட்டுக்கு முன்னால் போய்
சிலுவையின் பாதத்தில் டக்கென்று பட்டது.

பீடப்பையன் துணியை எடுத்தான்.
பத்து வயதிருக்கும், கண்ணில் தூக்கம்.
மரத்தைத் துடைத்தான்,
என்ன நினைத்தானோ,
அட்டையையும் ஒரு தடவை துடைத்துவிட்டான்.