மின்கம்பம் 14

மாநகர சபையின் அறிவித்தல் மூன்று மொழியில்,
ஒழுங்கை முகப்பில், பாண் கடைச் சுவரில்.
சிங்களம் மேலே, நடுவில் எங்களுடையது.
அதில் ஓர் எழுத்து வழுக்கி
‘ய்’ போய் ‘ம்’ வந்து நின்றது:
பதியப்படாத நாம் பிடித்துச் செல்லப்படும்.

வேலைக்கு ஓடுகிறவர்கள்
வாசித்துவிட்டு ஓடினார்கள்.
நஸூஹா டீச்சர் மட்டும்
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார்,
பள்ளிக்கூடப் பழக்கம்.
அந்த வட்டத்துக்குள் நான்
கொஞ்ச நேரம் நின்றேன்.

போன மாதமும் சபையின் வண்டி வந்தது.
பஸ்தியான் வலையைத் தோளில் போட்டபடி
பிளேன்ரீ குடித்தான்.
மீன்சந்தைக்குப் பின்னால் இருந்து ஐந்து.
கூட்டுக்குள் அவை குரைக்கவில்லை,
பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தவர்கள் போல
வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.
‘கட்டாக்காலி’ என்று கொப்பியில் எழுதினான்.
‘கருத்தடை செய்து, ஊசியும் போட்டு
திரும்பக் கொண்டுவந்து விடுவம் அண்ணை.’
இரண்டு திரும்பி வந்தன.

இது யாருடைய நாய் என்று
கொட்டாஞ்சேனையில் யாரும் கேட்டதில்லை.
சுனிமலின் ஆட்டோவுக்குக் கீழே அதன் பகல்.
அவன் ‘சுது’ என்பான். வெள்ளை என்று பொருள்;
உடம்பில் வெள்ளை மயிர் ஒன்றுமில்லை.
டீச்சரின் பிள்ளைகளுக்கு அது பிஸ்கட்,
கேற்றுக்குள் நின்று எறிந்ததால் வந்த பெயர்.
நான் கூப்பிடுவது ‘ஏய்’.
மூன்றுக்கும் வால் ஒரே அளவுதான் ஆடும்.

ஞாயிறு காலை சனசமூக மண்டபத்தில்
பதிவும் விசர்நாய்த் தடுப்பூசியும் இலவசம்.
சுனிமலுக்கு நீர்கொழும்புக்கு ஹயர் கிடைத்துவிட்டது.
டீச்சர் மேல்மாடியில் இருந்து
விரலை நீட்டினார், என்னை நோக்கி.
பார்சல் கட்டும் நைலோன் கயிற்றில்
கூட்டிக்கொண்டு போனேன்,
அல்லது அது என்னை.

வரிசையில் எங்களுக்கு முன்னால்
குளித்துப் பவுடர் போட்ட பொமரேனியன் ஒன்று.
அதற்குச் சொந்தமாக ஒரு ஃபைல், ஒரு குடை.
எங்களுடையது மோந்து பார்த்துவிட்டு
மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தது.

மேசையில் படிவம்.
பெயர். நிறம். வயது. ஆணா பெண்ணா.
விசேட அடையாளம்: இடது காதில் கிழிசல்.
இந்த முகவரியில் எப்போதிருந்து?

இரண்டாயிரத்து ஏழில்
செட்டியார் தெரு லொட்ஜ் ஒன்றின் மூன்றாம் மாடியில்
இதைவிட நீளமான ஒன்று நிரப்பினேன்.
நிரந்தர முகவரி. கொழும்புக்கு வந்த காரணம்.
திரும்பிப் போகும் திகதி.
காரணத்துக்குப் பல் வைத்தியம் என்று எழுதினேன்.
பல் உண்மையாகவே வலித்தது.
திகதிக்கு என்ன எழுதினேனோ ஞாபகமில்லை,
எதுவானாலும் அது கடந்துவிட்டது.

நாயின் படிவத்தில் அந்த வரி இல்லை.
திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை.

‘உரிமையாளர்?’ என்றாள் சாருணி மிஸ்.
என் வாடகை ஒப்பந்தத்தில் பதினோராம் பிரிவு:
பிராணிகள் கூடாது, மீன்தொட்டி உட்பட.
‘ஒழுங்கைக்குச் சொந்தம்’ என்றேன்.
‘ஒழுங்கை கையொப்பம் வைக்குமா?’
சிரிக்காமல்தான் கேட்டாள்.

வைத்தேன்.
பெயர்க் கட்டத்தில் மூன்று பெயரையும்
நெருக்கி எழுதினேன்.
முகவரிக்கு, அது இரவில் படுக்கும் இடம்:
மின்கம்பம் 14-இன் எதிரே.
பேனையைக் கடித்தபடி யோசித்தாள்,
பிறகு முத்திரை குத்தினாள்.

ஊசிக்கு அது சத்தம் போடவில்லை.
என் செருப்பைக் கடித்தது.

இப்போது கழுத்தில் சிவப்புப் பட்டி,
தகரத் தகடு, 3118.
நாலாம் குறுக்குத் தெருவில் கணக்கு முடித்து
நான் வரும் நேரம்
தகட்டின் கிணுகிணுப்பு முதலில் வருகிறது,
நாய் பிறகு.
அறிவித்தலை மழை பாதி உரித்துவிட்டது.
டீச்சரின் வட்டம் இன்னும் இருக்கிறது,
உள்ளே அந்த ஒரு சொல்லும்.

கம்பம் வந்ததும் அது
பின்னங்கால் ஒன்றைத் தூக்கி
முகவரியை உறுதிப்படுத்துகிறது.
நான் சாவியைத் தேடுகிறேன்.