ஆறட்டும்

ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.
ஆறரைக்கே வண்டியை எழுப்பி
குண்டு உப்பலவாடி முனைவரை போய்வந்து
அவள் ஸ்கூட்டர் தெருவில் திரும்பும்போதுதான்
சாவியை எடுத்தேன்.
முதல் ஸ்டார்ட்டில் வந்த நீலப்புகையை
ஒரு நாய் மட்டும் பார்த்திருந்தது.

பெயர் ஜெனோவா. முதுநகர்.
பாகூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று
கிளினிக் கிளினிக்காக ரத்த சாம்பிள் வாங்கி
புதுச்சேரி லேபில் சேர்க்கிற வேலை.
ஐஸ் பெட்டி சுமந்த முதுகை
ஒரு கையால் பிடித்தபடியே இறங்கினாள்.

பெயின்ட்டைப் பார்க்கவில்லை.
நேற்று மாட்டிய சீட் உறையைப் பார்க்கவில்லை.
பானட்டைத் தூக்கச் சொன்னாள்.
பாட்டில் தண்ணீரில் விரல் நனைத்து
தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல்
சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில்
ஒரு சொட்டு.

சுர்ர்.

"இப்பதான் பால் வாங்கப் போனேன்," என்றேன்.
பால்காரர் அந்த நேரம் பார்த்து
எங்கள் வாசலில் மணியடித்தார்.

"ஆறட்டும்," என்றாள். "காத்திருக்கேன்."

ஒரு பொய்க்கு எதிரே
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்
மூன்றரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.
மனைவி இட்லி வைத்தாள்.
சட்னி நல்லாருக்கு என்றாள் ஜெனோவா.
அது உண்மை.

இடையில் எழுந்து
ஆயில் ஸ்டிக்கை உருவி
லேப் படிவம் ஒன்றின் பின்பக்கம் ஒரு சொட்டு விட்டு
பறக்காமல் கல் வைத்தாள்.
சொட்டு அவசரமில்லாமல் விரிந்தது.
நடுவில் தார். சுற்றிலும் பழுப்பு.
அதற்கும் வெளியே டம்ளர் வைத்தெடுத்த மாதிரி ஒரு வளையம்.
மெக்கானிக் பக்கிரி ஊற்றிய கெட்டி ஆயில்
டாப்பெட் சத்தத்தைத்தான் அடக்கியிருந்தது.

பிறகு சீட் பெல்ட்டை இழுத்தாள்.
யாரும் இழுக்காத தூரம்வரை.
கடைசி ஒரு சாணில்
காய்ந்த வண்டல்.

"ஆறு வந்துச்சா?"
"வந்துச்சு."
"எதுவரைக்கும்?"

உள்ளே கூட்டிப்போய்
காலண்டரை நகர்த்தினேன்.
ஆணிக்கு நாலு விரல் கீழே
எத்தனை கோட்டிங் அடித்தும் மறையாத கோடு.
"ரெண்டு நாள் நின்னுச்சு. நாங்க மொட்டை மாடியில.
மேலேருந்து பாத்தா வண்டிக்கூரை மட்டும்
தட்டு கவுத்த மாதிரி."
கோட்டருகே போய் நின்றாள். அவள் மார்பளவு.
"எங்களுக்கு முழங்கால்தான்," என்றாள்,
ஏதோ தவறு செய்தவள்போல.

பத்தரை.
மூடிய பானட்டில் படுத்திருந்த பூனை
சூடு போனதும் எழுந்து போய்விட்டது.
சாவியைத் திருப்புமுன் சொல்லிவிட்டேன்:
"ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கா லிட்டர் ஆயில் குடிக்கும்.
வெள்ளத்துக்கு அப்புறம்தான்."

"இருங்க. அதுவே சொல்லட்டும்."

மூன்றாவது திருப்பில் பிடித்தது.
நீலப்புகை எதிர்வீட்டுத் தணிகாசலம்
காயப்போட்ட வேட்டிவரை போனது.
ஆயில் மூடியைத் தளர்த்தினாள்;
உலைமூடிபோல் குதித்தது.
கண்ணை மூடி, தலையைச் சாய்த்து,
பதினோரு வருடம் ஓட்டியும் நான் கேட்காத எதையோ
கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ரிங் போயிருக்கு. பிளாக் தப்பிச்சிருக்கு."
நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டாள்.
வெட்கத்தில் பேரம் பேசவில்லை என்றால்
அது இன்னொரு பொய்.
பேசினேன். முப்பத்தைந்தில் நின்றது.

சாயங்காலம் தம்பியோடு வந்து எடுத்துப்போனாள்.
காலையில் வைத்த காகிதம்
கல்லுக்கடியிலேயே கிடந்தது.
ஆயில் மறுபக்கமும் ஊறியிருந்தது.
பெயர், வயது, நிரப்பாத கோடுகள்.
அதற்குக் கீழே
வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று
டிக் அடிக்காத
இரண்டு கட்டங்கள்.